ஆங்கில வாக்கியத்தில் குறி தப்பினால்: கோளாறு பார்த்துச் சரிசெய்வது

இலக்கணம் சரியாக இருக்கும், ஸ்பெல்லிங் சரியாக இருக்கும். ஆனாலும் நீங்கள் எழுதிய ஆங்கில அறிக்கை அங்கங்கே சிவப்பு வட்டத்தோடு திரும்பி வரும். வட்டத்துக்குள் பார்த்தால் ஒரு எழுத்தும் இருக்காது, ஒரு கமாதான் இருக்கும். அல்லது கமா இருந்திருக்க வேண்டிய வெற்றிடம்.

இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றே. குறிகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு என்று பெயரிலேயே மூச்சுக் கணக்கு இருக்கிறது. அதனால் படிக்கும்போது மூச்சு நிற்கும் இடத்திலெல்லாம் கை தானாகக் கமா போடுகிறது. தமிழில் அப்படிப் போட்டால் பெரிய சேதமில்லை. ஓலையில் குறியே இல்லாமல் எழுதிப் படித்த மொழி இது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் அச்சு உரைநடையில் குறிகளைக் கையாளத் தொடங்கிய பிறகும், வாக்கியத்தைத் தாங்கி நிற்பவை எச்சமும் வேற்றுமை உருபும் 'என்று'வும்தான். ஆங்கிலத்தில் அவை இல்லை. அவற்றின் வேலையில் ஒரு பங்கைக் குறிகள் செய்கின்றன.

எனவே மூச்சை எண்ணாமல் முற்றை எண்ணுங்கள். பள்ளியில் படித்த அதே வினைமுற்றுதான். 'போனேன்' முற்று, 'போய்' எச்சம். ஆங்கிலத்தில் ஓர் எழுவாயும் அதற்குரிய காலங்காட்டும் வினையும் சேர்ந்து நின்றால் அது ஒரு முற்று. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு இந்த ஒரு கருவி போதும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண் ஸ்பெல்லிங்கில் சிக்காமல் குறியில் நிற்கட்டும்.

கோளாறு: வாக்கியம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, நடுவில் கமா மட்டும்

ஐ ஓப்பன்ட் த ஃபைல், இட் வாஸ் எம்ப்ட்டி, ஐ கால்ட் த ஆஃபீஸ்.

நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணமும் தெளிவு. தமிழில் இதையே 'ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, காலியாக இருக்கவே, அலுவலகத்துக்குப் போன் செய்தேன்' என்போம். திறந்து, பார்த்துவிட்டு, இருக்கவே எல்லாம் எச்சங்கள். முற்று ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். நடுவே கமா போட்டாலும் போடாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கில வடிவத்திலோ 'ஓப்பன்ட்', 'வாஸ்', 'கால்ட்' என்று மூன்று முற்றுகள், மூன்றுக்கும் தனித்தனி எழுவாய். இரண்டு முழு வாக்கியங்களைத் தனியாகப் பிடித்துவைக்கும் பலம் கமாவுக்குக் கிடையாது.

சரிசெய்ய நான்கு வழி உண்டு. எது பொருந்தும் என்பது நீங்கள் சொல்லவரும் உறவைப் பொறுத்தது.

முதல் வழி, முற்றுப்புள்ளி. ஐ ஓப்பன்ட் த ஃபைல். இட் வாஸ் எம்ப்ட்டி. சந்தேகம் வந்தால் இதைச் செய்யுங்கள், ஒருபோதும் தப்பாகாது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் மொழி தெரியாதவர் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. அது வீண் கூச்சம்.

இரண்டாவது, கமாவோடு ஓர் இணைப்புச் சொல். ஐ ஓப்பன்ட் த ஃபைல், பட் இட் வாஸ் எம்ப்ட்டி. ஆண்ட், பட், ஆர், சோ போன்ற சின்னச் சொற்கள் மட்டுமே இதற்கு உதவும். பின்னால் புதிய எழுவாய் வராவிட்டால் கமா தேவையில்லை: ஐ ஓப்பன்ட் த ஃபைல் ஆண்ட் ப்ரின்ட்டட் இட். எழுவாய் ஒருவரே, செய்தது இரண்டு காரியம்.

மூன்றாவது, அரைப்புள்ளி. ஐ ஓப்பன்ட் த ஃபைல்; இட் வாஸ் எம்ப்ட்டி. இரண்டும் முழு வாக்கியங்கள், ஆனால் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடாது என்று தோன்றும்போது மட்டும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகர அச்சகத்தார் ஆல்டஸ் மனூட்டியஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குறி இது. கமாவுக்கு மேல் ஒரு புள்ளி இருக்கும் அதன் உருவமே வேலையைச் சொல்லிவிடும்: கமாவைவிடப் பலம் அதிகம், முற்றுப்புள்ளியைவிட முடிவு குறைவு. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வந்தால் நான் சந்தேகப்படுவேன்.

நான்காவது, ஒரு முற்றை எச்சம்போல ஆக்கிவிடுவது. வென் ஐ ஓப்பன்ட் த ஃபைல், இட் வாஸ் எம்ப்ட்டி. தமிழ் மனத்துக்கு மிக நெருக்கமான வழி இதுதான், ஆனால் நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதைத்தான்.

இதே கோளாறின் மாறுவேடம் ஒன்று உண்டு. 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' ஆகியவற்றைப் 'பட்', 'சோ' என்பவற்றின் பெரிய அண்ணன்கள் என்று நினைத்து, முன்னால் கமா போட்டு இணைத்துவிடுகிறோம்.

தவறு: வி ட்ரைட், ஹவ்எவர் இட் ஃபெயில்ட்.
சரி: வி ட்ரைட்; ஹவ்எவர், இட் ஃபெயில்ட்.

சோதனை எளிது. 'ஹவ்எவர்' என்ற சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் வைத்துப் பாருங்கள்: இட் ஃபெயில்ட், ஹவ்எவர். பொருள் நிற்கிறது. 'பட்' என்பதை அப்படித் தூக்கி வைத்தால் எழுத்தாங்கிலத்தில் நிற்காது. நகரக்கூடிய சொல் இணைப்புச் சொல் அல்ல. அதற்கு முன்னால் புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

கோளாறு: வாக்கியம் அரைகுறையாக நிற்கிறது

த மீட்டிங் வாஸ் கேன்சல்ட். பிகாஸ் த மேனேஜர் வாஸ் இல்.

இது மேலே சொன்னதன் தலைகீழ். 'ஏனென்றால் மேலாளருக்கு உடம்பு சரியில்லை' என்று தமிழில் தனி வாக்கியமாக எழுதலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தின் 'பிகாஸ்' அடுத்த வாக்கியத்தின் கையைப் பிடித்தே நடக்கும். நடுவிலுள்ள புள்ளியை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். 'விச்' என்று தொடங்கும் துண்டுகளுக்கும் இதே மருந்து, ஒரு வித்தியாசம் மட்டும்: புள்ளி இருந்த இடத்தில் பெரும்பாலும் கமா வரவேண்டும்.

கோளாறு: 'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால் கமா உட்கார்ந்திருக்கிறது

ஹி செட் தட், ஹி வுட் கம்.

நான் முதன்முதலில் மொழிபெயர்த்துக் கொடுத்த அறிக்கை ஒன்றில் திருத்துபவர் இந்தக் கமாவை மட்டும் பதினோரு இடத்தில் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. பதினோரு வட்டங்கள்தான். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு 'தட்'டுக்குப் பின்னாலும் என் மூச்சு உண்மையாகவே நின்றது. ஏன் என்று புரிய நாளானது.

தமிழில் 'வருகிறேன் என்று சொன்னார்' என்கிறோம். பேச்சு முடிந்த பிறகே 'என்று' வருகிறது, எனவே 'என்று'வுக்குப் பின்னால் சற்று நிற்பது இயல்பு. 'தட்' என்பதை 'என்று'வாகவே மனம் எடுத்துக்கொள்கிறது, நிற்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் 'என்று' கதவைச் சாத்தும் சொல், 'தட்' கதவைத் திறக்கும் சொல். திறந்த வாசலில் யாரும் நிற்கமாட்டார்கள். கமாவை எடுங்கள்: ஹி செட் தட் ஹி வுட் கம்.

இதன் உடன்பிறப்பு, நீண்ட எழுவாய்க்குப் பின்னால் வரும் கமா.

தவறு: த பர்சன் ஹூ ரோட் திஸ் லெட்டர், இஸ் மை ஃப்ரெண்ட்.

'இந்தக் கடிதத்தை எழுதியவர், என் நண்பர்' என்று தமிழில் எழுதினால் உறுத்தாது. ஆங்கிலத்தில் எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா கூடாது. இரண்டு கமா வரலாம், இடையில் செருகிய துண்டின் இரு பக்கமும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அது பிழை.

கோளாறு: படிப்பவர் பாதி வழியில் திரும்பிப்போய் மறுபடி படிக்கிறார்

ஆஃப்டர் வி லெஃப்ட் த ஹவுஸ் ஃபெல் சைலன்ட்.

'வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு' என்று படித்துக்கொண்டு போகிறவர் 'ஃபெல்' என்ற சொல்லில் இடறுவார். சொல்லவந்தது, 'நாங்கள் கிளம்பிய பிறகு வீடு அமைதியானது.' தமிழில் இந்த இடறல் வராது. 'பிறகு', 'போது', '-ஆல்' எல்லாம் துண்டின் கடைசியில் நின்று 'இதோடு முடிந்தது' என்று அறிவித்துவிடும். ஆங்கிலத்தில் ஆஃப்டர், வென், இஃப் எல்லாம் துண்டின் தலையில் நிற்பவை. துண்டு எங்கே முடிகிறது என்று காட்ட ஆளில்லை. அந்த ஆள்தான் கமா.

சரி: ஆஃப்டர் வி லெஃப்ட், த ஹவுஸ் ஃபெல் சைலன்ட்.

துண்டு வாக்கியத்தின் பின்பாதிக்குப் போய்விட்டால் பெரும்பாலும் கமா வேண்டாம்: த ஹவுஸ் ஃபெல் சைலன்ட் ஆஃப்டர் வி லெஃப்ட். இப்போது 'ஆஃப்டர்' என்ற சொல்லே எல்லைக்கல்லாகிவிட்டது.

கோளாறு: நீங்கள் சொன்னது ஒன்று, அவர்கள் புரிந்துகொண்டது வேறு

மை ப்ரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட் இஸ் எ டாக்டர்.
மை ப்ரதர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் எ டாக்டர்.

இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் சொல்வோம்: 'வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி டாக்டர்.' எத்தனை தம்பிகள் என்று தமிழ் வாக்கியம் சொல்லவில்லை, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது. முதல் வாக்கியத்தில் கமா இல்லை, எனவே தம்பிகள் பலர், அவர்களில் வெளிநாட்டில் இருப்பவர் டாக்டர். இரண்டாவதில் தம்பி ஒருவரே, வெளிநாட்டில் இருப்பது உபரித் தகவல்.

சோதனை: இடையிலுள்ள துண்டை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். யாரைச் சொல்கிறோம் என்பது இன்னும் தெளிவாக இருந்தால் கமா இரண்டு பக்கமும் வேண்டும். 'எந்தத் தம்பி?' என்ற கேள்வி எழுந்தால் கமாவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் போடுவது எப்போதும் தவறு. இந்தத் துண்டு 'தட்' என்ற சொல்லில் தொடங்கினால் பொதுவாகக் கமா போடுவதில்லை.

'நாட்', 'பிகாஸ்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் உஷாராக இருங்கள்.

ஐ டிடின்'ட் லீவ் பிகாஸ் ஐ வாஸ் ஆங்ரி.

கிளம்பினாரா, இல்லையா? 'கிளம்பினேன்தான், ஆனால் கோபத்தினால் அல்ல' என்றும் படிக்கலாம், 'கோபத்தினால் கிளம்பாமல் இருந்துவிட்டேன்' என்றும் படிக்கலாம். 'பிகாஸ்' முன்னால் ஒரு கமா போட்டால் இரண்டாவது பொருள் உறுதியாகும். முதல் பொருள்தான் வேண்டும் என்றால் கமாவோடு மல்லுக்கட்டாதீர்கள், வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

கூப்பிடும் பெயரிலும் இதே ஆபத்து.

டோன்ட் ஸ்டாப் ரவி. (ரவியைத் தடுக்காதே.)
டோன்ட் ஸ்டாப், ரவி. (நிறுத்தாதே, ரவி.)

தமிழில் ஓர் 'ஐ' உருபு செய்யும் வேலையை இங்கே ஒரு கமா செய்கிறது. மின்னஞ்சல்களில் 'யெஸ் சார்', 'தேங்க் யூ சார்' என்று கமாவே இல்லாமல் எழுதிப் பழகிவிட்டோம். அங்கே பொருள் கெடாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஏவல் வாக்கியத்தில் கெடும்.

கோளாறு: வினாக்குறி இடம் மாறிவிடுகிறது

ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்?

'எங்கே போகிறாய் என்று கேட்டார்' என்னும்போது கேள்வி அதன் உருவத்தோடு அப்படியே வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கை வினாக்குறியைத் தேடுகிறது. ஆனால் மொத்த வாக்கியமும் ஒரு செய்திதான், கேட்டார் என்ற செய்தி. முற்றுப்புள்ளி போடுங்கள். 'ஐ வாண்டர் இஃப்' என்று தொடங்குபவற்றுக்கும் இதே விதி.

மறுபக்கம், 'குட் யூ ப்ளீஸ் செண்ட் த ஃபைல்' என்பது வடிவத்தில் கேள்வி, எனவே வினாக்குறியே இயல்பு. 'கைண்ட்லி செண்ட் த ஃபைல்' ஏவல், அதற்குப் புள்ளி. பணிவாகத் தெரியட்டும் என்று அதன் பின்னால் வினாக்குறி போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பணிவு கூடுவதில்லை, குழப்பம்தான் கூடுகிறது.

வால் கேள்விக்கு முன்னால் கமா, பின்னால் வினாக்குறி: யூ ஆர் கமிங், ஆரின்'ட் யூ?

கோளாறு: பட்டியலில் எது எதோடு சேர்கிறது என்று தெரியவில்லை

மூன்று பொருள்களை அடுக்கும்போது கடைசி 'ஆண்ட்' முன்னால் கமா வேண்டுமா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் நடைமுறை என்பதால் அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். அமெரிக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் போடுகின்றன, செய்தித்தாள்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக்கூடாது.

விட்டதற்கு விலை கொடுத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம் எந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. அதன் கடைசிப் பகுதி 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று கமா இல்லாமல் முடிந்தது. ஒரு பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள், 'நாங்கள் விநியோகம் செய்கிறோம், பேக்கிங் செய்வதில்லை. சட்டம் சொல்வது விநியோகத்துக்கான பேக்கிங்கை மட்டும்தான்' என்று வாதாடினார்கள். 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது என்று ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018ல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிறகு சட்டத்தைத் திருத்தியபோது பட்டியல் முழுவதையும் அரைப்புள்ளியால் பிரித்துவிட்டார்கள். பட்டியலின் உறுப்புகளுக்குள்ளேயே கமா இருந்தால் நீங்களும் அதையே செய்யலாம்.

பட்டியலைத் தொடங்கிவைக்கும் கோலனுக்கு முன்னால் ஒரு முழு வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். 'த கலர்ஸ் ஆர்:' என்று வினையிலேயே தொங்கவிட்டுக் கோலன் போடாதீர்கள். 'வி நீட் த்ரீ கலர்ஸ்: ரெட், ப்ளூ, ஆண்ட் க்ரீன்.' இது சரி.

கோளாறு: மேற்கோளின் முடிவில் குறி உள்ளேயா, வெளியேயா

ஷி செட், "ஐ ஆம் ரெடி."
டிட் ஷி சே, "ஐ ஆம் ரெடி"?
ஷி ஆஸ்க்ட், "ஆர் யூ ரெடி?"

வினாக்குறிக்கு விதி எளிது. கேள்வி மேற்கோளுக்குள் இருந்தால் உள்ளே, மொத்த வாக்கியமும் கேள்வி என்றால் வெளியே. கமாவுக்கும் புள்ளிக்கும்தான் இரண்டு ஊர் வழக்கம். அமெரிக்கர்கள் இரண்டையும் எப்போதும் உள்ளேயே வைப்பார்கள். பிரிட்டிஷ் வழக்கத்தில் அது மேற்கோளுக்குச் சொந்தமானதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உங்கள் எழுத்து யாரிடம் போகிறதோ அவர்கள் வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

கோளாறு: அப்பாஸ்ட்ரபி தேவையில்லாத இடத்தில் முளைக்கிறது

'இட்'ஸ்' என்று எழுதியிருந்தால் அதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருள் வந்தால் அப்பாஸ்ட்ரபி இருக்கட்டும். 'அதனுடைய' என்ற பொருள் என்றால் அதை எடுத்துவிடுங்கள். உடைமைக்குத்தானே அப்பாஸ்ட்ரபி, பிறகு ஏன் இங்கே இல்லை என்று கேட்பீர்கள். 'ஹிஸ்', 'ஹர்ஸ்' இரண்டிலும் இல்லையே, அந்தக் குடும்பம்தான் இதுவும். பன்மைக்கு அப்பாஸ்ட்ரபி வேண்டாம், 1990ஸ் என்பதற்கும் வேண்டாம்.

கோளாறு: புள்ளிகளும் ஆச்சரியக்குறிகளும் பெருகுகின்றன

நான்கைந்து புள்ளிகளைக் கமாவுக்குப் பதிலாகத் தூவுவது அரட்டைப் பழக்கம். எலிப்சிஸ் என்றால் மூன்று புள்ளிதான். அலுவல் கடிதத்தில் அது எதையோ சொல்லாமல் விழுங்கியதுபோல் தொனிக்கும். ஆச்சரியக்குறி ஒன்று போதும். குறிக்கு முன்னால் இடைவெளி விடாதீர்கள், பின்னால் விடுங்கள்.

கோளாறு: எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இன்னும் உறுத்துகிறது

கமாவைப் போட்டால் ஒரு மாதிரி இருக்கிறது, எடுத்தால் வேறு மாதிரி இருக்கிறது என்று கால் மணி நேரம் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருந்தால், கோளாறு குறியில் இல்லை. நேற்று என் கைக்கு வந்த வாக்கியம் இது:

த ரிப்போர்ட், விச் வாஸ் சென்ட் லாஸ்ட் வீக், பை த டீம், தட் ஹேண்டில்ஸ் பில்லிங், வாஸ், ஆஸ் டிஸ்கஸ்ட், ரிஜெக்டட்.

எந்தக் கமாவை எடுத்தாலும் இது தேறாது. முற்றுகளைத் தனித்தனியே பிரித்துப் போட்டேன்:

த பில்லிங் டீம் சென்ட் த ரிப்போர்ட் லாஸ்ட் வீக். ஆஸ் டிஸ்கஸ்ட், இட் வாஸ் ரிஜெக்டட்.

ஆறு கமாவில் ஒன்று மிஞ்சியது.